மகள் வீட்டு முகவரியில் ஒரு மோட்டார்ஹோம்

நம்மூரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வண்டி. பிரிட்டனில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பெட்டி வீடு. எஞ்சினோடு தானே ஓடும் வீட்டுக்கு மோட்டார்ஹோம் என்று பெயர். அமெரிக்கர்களுக்கு இரண்டுமே ஆர்வி. லீட்ஸில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பதி, வீட்டை விற்றுவிட்டு ஒரு மோட்டார்ஹோமில் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டே வாழப்போகிறோம் என்று 2023 வசந்தத்தில் சொன்னார்கள். மகன் வேலைக்காக ஆஸ்திரேலியா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் நியூகாசிலில் ஒரு ஃபிளாட் வாடகைக்கு எடுத்துக்கொண்டு அப்போதுதான் கிளம்பியிருந்தாள். நாலு படுக்கையறை வீட்டில் மிச்சம் இரண்டே பேர்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த ஒன்றரை வருடம் அவர்கள் சாப்பாட்டு மேசையில் நடந்ததும், பிறகு அவர்கள் கிளம்பிப் போனபோது நடந்ததும்தான் இந்த ஆய்வு. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம்.

கணவருக்கு அப்போது 60 வயது, மனைவிக்கு 57. இருவரும் 2024 கோடையில் வேலையை விடுவதாக இருந்தார்கள். அரசு ஓய்வூதியம் இருவருக்குமே 67-ல்தான். அதுவரை கணவரின் கம்பெனி ஓய்வூதியமும் கொஞ்சம் சேமிப்பும். பணக் கணக்கை இதற்கு மேல் இழுக்கப் போவதில்லை. அவர்கள் திட்டத்தில் ஆட்டம் காணாத ஒரே பகுதி அதுதான்.

முதல் திட்டம்

ஒரே ஒரு தாளில் எழுதியிருந்தார்கள். வீட்டை விற்பது. ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில், ஃபியட் டுகாட்டோ வேனின் அடித்தளத்தில் கட்டிய ஒரு வண்டி வாங்குவது. கோடையில் பிரான்ஸ், ஸ்பெயின். குளிர்காலத்தில் செலவு குறைந்த குரோஷியா, பல்கேரியா. எப்போது அலுக்கிறதோ அப்போது திரும்புவது. இந்த யோசனை கணவரின் பழைய நண்பர் ஒருவர் தந்தது. அவர் 2012-ல் இப்படித்தான் கிளம்பி மூன்று வருடம் நிம்மதியாகச் சுற்றிவிட்டு வந்தார்.

2012-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தது. பிரிட்டிஷ்காரர் எங்கே எத்தனை நாள் இருக்கிறார் என்று எல்லையில் யாரும் விரல் விட்டு எண்ணவில்லை. 2021 ஜனவரி 1 முதல் எண்ணுகிறார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு அது ‘சுற்றுலாப் பயணிகளுக்கான’ விதி என்ற நினைப்பு. தான் சுற்றுலாப் பயணி அல்ல, அங்கே வாழப்போகிறவர் என்றார். வாழப்போகிறவருக்கு விதி இன்னும் கடுமை என்பதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எனக்கு இந்தத் தொண்ணூறு நாள் கணக்கு மனப்பாடம். அவர்களுக்கோ அறுபது வயதில் புதுப்பாடம்.

தொண்ணூறும் நூற்றெண்பதும்

விதி இதுதான். தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று சேர்ந்துகொண்ட ஐரோப்பிய நாடுகளுக்கு ஷெங்கன் பகுதி என்று பெயர். அதற்குள் எந்த நாளில் நின்று பார்த்தாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். அதில் உள்ளே இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. நுழைந்த நாளும் ஒரு நாள், வெளியேறிய நாளும் ஒரு நாள். நாட்டுக்கு நாடு தனித்தனியாக 90 என்று கணவர் நினைத்திருந்தார். இல்லை, 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே 90. ஒருநாள் வெளியே போய்வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று மனைவி நினைத்திருந்தார். அதுவும் இல்லை. இது ஓடிக்கொண்டே இருக்கும் ஜன்னல். முன்பக்கம் ஒரு நாள் ஏறினால் பின்பக்கம் ஒரு நாள் கழியும்.

மேசையில் ஒரு சதுரக்கோட்டு நோட்டைப் போட்டு எண்ணினோம். 2024 செப்டம்பர் 1 அன்று நுழைந்தால் நவம்பர் 29 தொண்ணூறாவது நாள். மறுபடி நுழையக்கூடிய முதல் நாள் 2025 பிப்ரவரி 28. இடையில் எங்கே போவது? ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினால் மொராக்கோ. அங்கேயும் பிரிட்டிஷ்காரருக்கு 90 நாள் விசா தேவையில்லை. தொண்ணூறும் தொண்ணூறும் நூற்றெண்பது, தீர்ந்தது என்றார் கணவர், பேனாவை மூடியபடி.

தீரவில்லை. நவம்பர் 29 இரண்டு கணக்கிலும் வருகிறது. ஸ்பெயினை விட்டு வெளியேறும் நாளும் அதுதான், மொராக்கோவில் நுழையும் நாளும் அதுதான். மொராக்கோவின் தொண்ணூறு பிப்ரவரி 26-ல் முடிந்துவிடும். ஷெங்கன் கதவு 28-ல்தான் திறக்கும். 27-ஆம் தேதி அவர்கள் கடலில் மிதக்க வேண்டியதுதான். மனைவி சிரித்துவிட்டார், கணவர் சிரிக்கவில்லை. ஒரு நாள்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டார். அப்படி ஒரு நாளை நம்பிப் போட்ட திட்டம் கப்பல் தாமதமானால் என்ன ஆகும் என்று நான் திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்விக்கான பதில் பிறகு தானாகவே வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திட்டம் போடப் போட வரைபடமும் சுருங்கியது. குரோஷியா 2023 ஜனவரியிலேயே ஷெங்கனுக்குள் போய்விட்டது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச் 31-ல் விமானம், கப்பல் வழிக்கும், 2025 ஜனவரி 1-ல் சாலை வழிக்கும் சேர்ந்துகொண்டன. நண்பர் குளிர்காலம் கழித்த இடங்கள் எல்லாமே இப்போது அதே 90-க்குள். வெளியே மிச்சம் அல்பேனியா, மாண்டினீக்ரோ, செர்பியா, போஸ்னியா, வட மாசிடோனியா, துருக்கி, மொராக்கோ.

நீண்டகால விசா பற்றியும் பார்த்தோம். ஸ்பெயினில் வேலை செய்யாமல் வாழ்வதற்கான விசாவுக்கு 2024-ல் ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும், துணைக்கு மேலும் 600. வருமானம் இருந்தது, ஆனால் அங்கே ஒரு வீடு காட்ட வேண்டும். அங்கே வசிப்பவராகிவிட்டால் பிரிட்டிஷ் நம்பர் பலகையுள்ள வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. வீடு வேண்டாம் என்று கிளம்புகிறவர்களுக்கு வீடு கேட்கும் விசா எதற்கு? பிரிட்டனில் பலருக்குக் கைகொடுத்த இன்னொரு வழி பாட்டி. தாத்தா பாட்டிகளில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்திருந்தால் அயர்லாந்துக் குடியுரிமை கோரலாம், 90 நாள் கவலையே இல்லை. இவர்களுக்கு எட்டுத் திசையிலும் உள்ளூர் யார்க்‌ஷயர் பாட்டிகள்தான்.

வண்டிக்கும் தனி நாட்கணக்கு இருக்கிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பதிவுள்ள வண்டி வரி கட்டாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 12 மாதத்தில் 6 மாதம்தான் நிற்கலாம். மூன்று வருடம் கடந்த பிரிட்டிஷ் வண்டிக்கு ஆண்டுதோறும் எம்ஓடி என்ற தகுதிச் சோதனை உண்டு. அதை பிரிட்டனில்தான் செய்ய முடியும். இவர்கள் வாங்கிய வண்டிக்கு வயது நாலு, சோதனை தேதி பிப்ரவரி. ஆக, வருடத்துக்கு ஒருமுறையாவது ஊர் திரும்பித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் சேர்ந்து திருந்திய திட்டம் இப்படி வந்தது: செப்டம்பர் 1 முதல் நவம்பர் 24 வரை ஷெங்கனில் 85 நாள். அப்புறம் மொராக்கோ. ஜனவரி 31-ல் ஸ்பெயின் திரும்பி, வடக்கே சாண்டாண்டர் துறைமுகம் வரை ஓட்டி, பிப்ரவரி 3-ல் இங்கிலாந்துக்குக் கப்பல். இந்த நாலு நாளையும் சேர்த்தால் 89. ஒரு நாள் கையிருப்பு.

எடைமேடை

நாள் கணக்கு காகிதத்தில் வலித்தது. எடைக் கணக்கு நேரில் வலித்தது.

வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. சாமான் ஏற்ற 410 கிலோ மிச்சம் என்றது விற்பனைத் தாள். அந்தக் கணக்கில் ஓட்டுநர் 75 கிலோ என்று ஏற்கெனவே உள்ளே இருக்கிறார், பக்கத்தில் உட்காரும் மனைவி இல்லை. தண்ணீர் 20 லிட்டர் என்று வைத்திருந்தார்கள், தொட்டியோ 100 லிட்டர். தொட்டியை நிரப்பினாலே 80 கிலோ போயிற்று. வெயில் மறைப்புத் துணி, சூரியத் தகடு, இரண்டாவது பேட்டரி என்று பிறகு மாட்டியவை எதுவும் அந்தத் தாளில் கிடையாது.

2024 மே மாதம் ஒரு சனிக்கிழமை, நிஜமாகவே கிளம்புவது போல எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே பழைய இரும்பு எடுக்கும் கிடங்கின் எடைமேடைக்குப் போனோம். நானும் தொற்றிக்கொண்டேன். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி நிறையத் துருப்பிடித்த வேலிக் கம்பிகள். மேடை ஆள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்: 3,620. பிறகு பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தச் சொன்னார்: 2,060. வண்டித் தகட்டில் பின் அச்சுக்கு இருந்த வரம்பு 2,000.

பின் அச்சு ஏன் அவ்வளவு கனத்தது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். மின்சைக்கிள் இரண்டும் தாங்கியும் சேர்த்து 62 கிலோ. அவை தொங்குவது பின் அச்சுக்கு இரண்டு மீட்டர் பின்னால். இரண்டு அச்சுக்கும் இடையே நாலு மீட்டர். ஏற்றம் இறைப்பது மாதிரிதான், பின்னால் கனம் தொங்கினால் முன்பக்கம் எழும்பும். அந்த 62 கிலோ பின் அச்சில் 93 கிலோவாக அழுத்துகிறது, முன் அச்சிலிருந்து 31 கிலோவைத் தூக்கிவிடுகிறது. இழுவை முன்சக்கரத்தில் இருக்கும் வண்டிக்கு இது ஈரப் புல்தரையில் நல்லதல்ல.

ஒரு குறுக்கு வழி இருந்தது. 1997 ஜனவரி 1-க்கு முன் கார் உரிமம் வாங்கிய பிரிட்டிஷ்காரருக்கு சி1 பிரிவு தானாகவே உண்டு, 7.5 டன் வரை ஓட்டலாம். இருவரும் எண்பதுகளில் வாங்கியவர்கள். வண்டியின் அனுமதி எடையைக் காகிதத்தில் 3,850-க்கு உயர்த்திக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார். ஆனால் 3.5 டன் தாண்டினால் ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான சாதாரண ஸ்டிக்கர் செல்லாது, கிலோமீட்டருக்குக் காசு பிடிக்கும் கருவி மாட்ட வேண்டும். பிரான்ஸ் நெடுஞ்சாலையில் வேகம் 130-லிருந்து 110-க்கு இறங்கும். 70 வயதில் மருத்துவச் சோதனையில் தேறாவிட்டால் சி1 போய்விடும், வண்டி வாசலில் நிற்கும். குறைத்துக்கொள்வோம் என்றார் மனைவி. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

குறைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. வாசலில் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் இறக்கி, குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். கணவரின் கருவிப் பெட்டி 31 கிலோ. அதில் எரிவாயுக் குழாய் திருக்கும் சாவி மட்டும் மூன்று இருந்தது. மனைவியின் வார்ப்பிரும்புச் சட்டி 5 கிலோ, அதை விடவே மாட்டேன் என்றார். நான் வாய் திறக்கவில்லை. என் வீட்டில் இதே கணக்கு நடந்தால் தோசைக்கல்லை இறக்க என் மனைவி விடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் இறங்கியவை: கருவிப் பெட்டியில் முக்கால், மின்சைக்கிள் ஒன்று, வெயில் மறைப்பு, புத்தகங்கள், மடக்கு மேசை. தண்ணீரை ஓடும்போது 30 லிட்டருக்கு மேல் வைப்பதில்லை என்று முடிவு. மறுபடி மேடை: 3,460. சட்டி தப்பித்தது.

ஸ்காட்லாந்தில் மூன்று வாரம்

எடைமேடைக்கு முன்பே, 2024 பிப்ரவரியில், ஒரு ஒத்திகை பார்த்திருந்தார்கள். வேண்டுமென்றே மோசமான மாதம், மோசமான இடம். ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் மைனஸ் நாலு டிகிரி இரவில் சூடேற்றி அணைந்துவிட்டது. சிலிண்டர் காலியில்லை, ஆட்டினால் உள்ளே தளும்பியது. நீல சிலிண்டர், அதாவது பியூட்டேன். அது பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் வாயுவாக மாறும், அதற்குக் கீழே போனால் திரவமாகவே கிடக்கும். சிவப்பு சிலிண்டரில் வரும் புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். இரவு முழுக்கக் கோட்டோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் இனி மறக்காது. பிறகு பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொள்ளும் எல்பிஜி தொட்டி பொருத்தினார்கள். ஐரோப்பாவில் அதற்கு நாட்டுக்கு நாடு வாய் வேறு, நாலு விதமான இணைப்பான்கள் ஒரு பையில்.

மனிதக் கணக்கும் அங்கேதான் தெரிந்தது. ஏழு மீட்டர் வண்டியில் ஒருவர் சமைத்தால் மற்றவர் நடக்க முடியாது. முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் பகல் முழுக்க ஒரே அறையில் இருந்து பழக்கமில்லாதவர்கள். ஒன்பதாம் நாள் ஏதோ ஈரத் துண்டு விஷயத்தில் தொடங்கி இருவரும் ஒரு நாள் பேசவில்லையாம். தினம் இரண்டு மணி நேரம் ஒருவர் வண்டியை விட்டு இறங்கிப் போய்விட வேண்டும், மழையானாலும் சரி என்று விதி வைத்துக்கொண்டார்கள். நான் போட்டுக்கொடுத்த கணக்குகள் எல்லாவற்றையும் விட இந்த விதிதான் பயன்பட்டது என்று இப்போதும் சொல்கிறார்கள்.

வீட்டை என்ன செய்வது

விற்காதீர்கள் என்றேன். ஆலோசகன் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது, ஆனால் எதிர்வீட்டுக்காரன் திணிக்கலாம். இந்த வாழ்க்கை ஒத்துவருமா என்று தெரியாத நிலையில், திரும்பி வர இடமில்லாமல் செய்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு விடுவது என்று முடிந்தது. வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், வரித்துறையிடம் முன்பே அனுமதி வாங்காவிட்டால், முகவர் வாடகையில் 20 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பயணத்தையும் ஆறு மாதத்துக்குள் வைக்க இது இன்னொரு காரணம்.

வீட்டில் வாடகைக்காரர் வந்ததும் இவர்களுக்கு முகவரி போயிற்று. அங்கேதான் நாங்கள் யாருமே எதிர்பார்க்காத முடிச்சு. ஓட்டுநர் உரிமத்துக்கும் வண்டிப் பதிவுக்கும் பிரிட்டனில் ஒரு முகவரி வேண்டும். வங்கி கேட்கிறது. குடும்ப மருத்துவர் மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாடு போகிறவரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். வண்டிக் காப்பீட்டில் வெளிநாட்டில் எத்தனை நாள் என்று ஒரு வரம்பு இருக்கும். வருடம் முழுக்க வண்டியிலேயே வாழ்கிறேன் என்றால் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். காசு கொடுத்துத் தபால் வாங்கிவைக்கும் முகவரியைச் சொன்னதுமே, முதலில் பேசிய காப்பீட்டு நிறுவனம் முடியாது என்றுவிட்டது. நிஜமாகத் தங்கும் வீடாக இருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் அந்த முகவரியில் பெயர் இருக்க வேண்டும்.

மிச்சமிருந்தது மகளின் ஃபிளாட். ஊருக்கு வரும்போது அங்கேதான் தங்குவார்கள், அதனால் பொய்யில்லை. ஃபிளாட்டின் சொந்தக்காரரிடம் கேட்டு அவள் சம்மதித்தாள். இரண்டு மாதம் கழித்து உள்ளாட்சி அலுவலகமான கவுன்சிலிலிருந்து அவளுக்குக் கடிதம். தனியாக வசிப்பவர் என்பதால் கவுன்சில் வரி என்ற வீட்டு வரியில் 25 சதவீதத் தள்ளுபடி வாங்கிக்கொண்டிருந்தாள். வாக்காளர் பட்டியலில் இப்போது அந்த வீட்டில் மூன்று பெயர் இருக்கிறதே என்ற விசாரணை. அம்மாவைக் கூப்பிட்டு அவள் கேட்டது தெரு முழுக்கத் தெரியும்: “நான் வீட்டை விட்டுப் போனேனா, நீங்கள் போனீர்களா?”

சண்டை போட்டுத் தள்ளுபடியைக் காப்பாற்றலாமா என்று கணவர் என்னிடம் கேட்டார். காப்பீட்டுக்காரரிடம் அங்கே வசிக்கிறோம் என்றும், கவுன்சிலிடம் அங்கே வசிக்கவில்லை என்றும் ஒரே கையால் எழுத வேண்டாம் என்றேன். தள்ளுபடி போயிற்று. அந்த வித்தியாசத்தை மாதாமாதம் பெற்றோர் மகளுக்கு அனுப்புகிறார்கள்.

போனதும் வந்ததும்

2024 ஆகஸ்ட் 31 மாலை ஹல் துறைமுகத்தில் கப்பல் ஏறி மறுநாள் காலை ராட்டர்டாம் இறங்கினார்கள். பிரான்ஸ் வழியாக ஸ்பெயின். மனைவிக்குத் தைராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள், பயணமோ ஐந்து மாதம். வலென்சியாவில் ஒரு மருத்துவரைப் பார்த்துச் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார். அவசரச் சிகிச்சைக்கு உதவும் பிரிட்டிஷ் சுகாதார அட்டை மொராக்கோவில் செல்லாது என்பதால் அதற்குத் தனிக் காப்பீடு. மொராக்கோ பற்றிக் கேட்டால் இருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதை அவர்களே எழுதட்டும்.

பிப்ரவரி 3. சாண்டாண்டரில் கடல் கொந்தளிப்பு, கப்பல் மறுநாள்தான் என்று அறிவிப்பு. அன்றிரவு துறைமுகத்துக்கு அருகே வண்டியில் படுத்தும் கணவருக்குத் தூக்கம் வரவில்லை. சதுரக்கோட்டு நோட்டை எடுத்து மூன்று முறை எண்ணினாராம். மறுநாள் கடவுச்சீட்டுக் கூண்டில் இருந்த அதிகாரி ராட்டர்டாம் முத்திரையைக் கண்டுபிடித்தார், அல்ஜெசிராஸ் முத்திரைகள் இரண்டையும் பார்த்தார், ஒரு பேனா முனையால் நாட்காட்டியில் மெல்ல எண்ணினார். தொண்ணூறு. ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார். கையிருப்பாக வைத்த ஒரே நாளும் அன்று செலவாயிற்று. அடுத்த பயணத்துக்கு ஐந்து நாள் கையிருப்பு என்று மாற்றிக்கொண்டார்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றும் முறை படிப்படியாக வரத் தொடங்கியது. இனி எண்ணுவது பேனா முனை அல்ல. கணவர் நோட்டை விடவில்லை, கணினி தப்பாக எண்ணினால் காட்ட வேண்டும் என்கிறார்.

போன வாரம் மனைவி தொலைபேசியில் பேசினார். மகள் வேறு ஃபிளாட் பார்த்துவிட்டாளாம், அடுத்த மாதம் மாறுகிறாள். உரிமம், வண்டிப் பதிவு, வங்கி, காப்பீடு, மருத்துவர் என ஐந்து இடத்திலும் இவர்கள் முகவரி மாற்ற வேண்டும். படிவம் நிரப்ப ஞாயிற்றுக்கிழமை நான் சும்மா இருப்பேனா என்று கேட்டார்.